பின்னால் அகல டயர் போட்டதும் உரசுகிறதா? எப்போது உரசுகிறது என்று முதலில் பாருங்கள்

பழைய பியட்டிலோ அம்பாசிடரிலோ பின்பக்கம் அகலமான டயரை மாட்டிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்வது, "அண்ணே, உரசுது." நான் கேட்பது, "எப்போ உரசுது?" நின்ற இடத்திலேயே தொடுகிறதா, ஆள் ஏறினால்தான் தொடுகிறதா, திரும்பும்போது மட்டுமா, ஒரு பக்கம் மட்டுமா? நாலுக்கும் காரணம் வேறு, வேலையும் வேறு. இதைக் கேட்காமல் கிரைண்டரைக் கையில் எடுத்தால் நல்ல மட்கார்டு போய்விடும், உரசல் அப்படியே இருக்கும்.

நம் கரையில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். தொண்டி, தேவிபட்டினத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், இந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி வரைக்கும் உப்புக்காற்று படாத வண்டி கிடையாது. பெயிண்ட் போன தகட்டில் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். அதனால் வெட்டாமல் முடிகிற வேலையை வெட்டாமல் முடிப்பதுதான் என் வழக்கம். வெட்டுவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது; கீழே வெறும் 'பட்டை' என்றால் இதுதான்), இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சிலும் உள்ள வண்டிகளுக்கு: பியட் 1100, பிரீமியர் பத்மினி, அம்பாசிடர். கான்டசாவில் பின்னால் காயில் ஸ்பிரிங்; அதற்கு இது பொருந்தாது.

டயர் வாங்கும் முன்னால்: காகிதத்தில் போடும் கணக்கு

பத்மினி கம்பெனியிலிருந்து வந்தது 5.20-14 டயரோடு. அம்பாசிடரின் பழைய மாடல்களில் 5.90-15. பத்மினிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ரேடியல் 155/80 ஆர் 14. இதில் 155 என்பது அகலம் மி.மீ.இல், 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 14 என்பது ரிம் அங்குலத்தில். அதன் உயரம் 604 மி.மீ. எல்லோரும் ஆசைப்படுவது 185. அதில் 185/65 போட்டால் உயரம் 596 மி.மீ., 185/70 போட்டால் 615 மி.மீ. அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் 70 போட்டவருக்கு டயரின் மேல்பாகம் மட்கார்டை நோக்கி 5.5 மி.மீ. ஏறும், 65 போட்டவருக்கு 4 மி.மீ. இறங்கும். மேலே உரசுகிறது என்று வரும் சில வண்டிகளுக்கு டயரில் எழுதியிருக்கும் இந்த நடு எண்ணை மாற்றினாலே போதும். 65 போட்டால் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிட ஒரு சதவீதம் போல அதிகம் காட்டும், அவ்வளவுதான்.

அகலம் 155இலிருந்து 185 ஆனால் 30 மி.மீ. கூடுகிறது. ரிம்மின் நடு இடம் மாறவில்லை என்றால் உள்ளே 15, வெளியே 15. ஆனால் கம்பெனி ரிம் ஒடுக்கமானது. 185/65க்குக் குறைந்தது 5 அங்குல ரிம் வேண்டும், 175/70க்கு 4.5. ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் உப்பிக்கொண்டு நிற்கும், வளைவில் டயர் மடங்கும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலமும் சுமார் 5 மி.மீ. கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால் டயரில் எழுதியிருப்பதை நம்பி அளக்காதீர்கள். ரிம்மில் ஏற்றி, காற்றடித்து, அப்புறம் அளவெடுங்கள்.

நின்ற இடத்திலேயே உள்பக்கம் பட்டையில் தொடுகிறது

டயரின் உள்சுவரில் பளபளவென்று ஒரு வட்டம் விழுந்திருக்கும். கைவிட்டுத் தடவினாலே தெரியும். தொடுகிற மாதிரித் தெரிந்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டால் கண்மாய்க் களிமண்ணைக் கெட்டியாகப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருண்டையைப் பட்டையின் பக்கத்தில் ஒட்டி, சக்கரத்தை மாட்டி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் களிமண் எவ்வளவு கனத்துக்கு நசுங்கியிருக்கிறதோ அதுதான் உங்களிடம் இருக்கும் இடைவெளி. உள்பக்கம் 12 மி.மீ.க்குக் குறைந்தால் நான் வண்டியை வெளியே விடுவதில்லை. வெளிப்பக்கம் 20 வரை வைத்துக்கொள்வேன்.

நின்ற இடத்தில் தொட்டால் அது சஸ்பென்ஷன் கோளாறு இல்லை, ரிம் கோளாறு. ரிம் பொருந்தும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் ஆஃப்செட் என்கிறோம். ஆஃப்செட் எண் குறைவான ரிம் போட்டால் சக்கரம் அவ்வளவுக்கு வெளியே வரும். சரியான ஆஃப்செட்டில் ரிம் தேடி வாங்குவதுதான் முதல் வழி. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டான ஸ்பேசர் இரண்டாம் வழி. அதையும் 5 மி.மீ.க்கு மேல் நான் போடுவதில்லை.

ஸ்பேசர் போட்டவர்கள் அடுத்து சொல்வது "நட்டு லூசாகுது." ஒரு பத்மினி பாம்பன் பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து கடக் கடக் என்று சத்தம் வருகிறது என்று வந்தது. சக்கரத் தொப்பியைக் கழற்றினேன். 10 மி.மீ. அலுமினிய ஸ்பேசர், ஆனால் நட்டு ஏறும் ஸ்டட் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. நட்டைக் கையால் திருப்பினால் மூன்றாவது சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது. அந்த மூன்று மரையில்தான் அந்தக் குடும்பம் கடலுக்கு மேல் 2 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பியிருக்கிறது. 12 மி.மீ. ஸ்டட் என்றால் நட்டுக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். மரை 1.5 பிட்ச் என்றால் முழுசாக எட்டுச் சுற்று. அதற்குக் குறைந்தால் நீள ஸ்டட் அடித்துவிட்டுத்தான் ஸ்பேசர். ரிம்மின் ஓட்டை கூம்பாக இருந்தால் கூம்பு நட்டு, தட்டையாக இருந்தால் தட்டை நட்டு. மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

உப்புக்காற்றில் இன்னொன்றும் நடக்கும். ஹப்பின் முகத்தில் துரு செதிலாக நிற்கும். அதன் மேலேயே ஸ்பேசரை வைத்து இறுக்கினால் நட்டு துருவைத்தான் அழுத்திப் பிடிக்கும். ஓட ஓட அந்தச் செதில் பொடிந்து உதிரும், நட்டு தானாகத் தளரும். கம்பிப் பிரஷ் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 100இல் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

ஆள் ஏறினால், பள்ளத்தில் இறங்கினால் மட்டும் உரசுகிறது

அதிகமாக வருவது இதுதான். அதிகமாகத் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான்.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க என்னிடம் இருப்பது சுண்ணாம்பு. வீட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, மட்கார்டின் உள்பக்கம், விளிம்பின் மடிப்பு, உள்தகடு எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் அடித்துக் காயவிடுவேன். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு சிமெண்டு மூட்டை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகத்தடை உள்ள ஏதாவது ஓர் ஊர் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தால் டயர் தொட்ட இடத்தில் சுண்ணாம்பு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். சத்தம் வருவது ஓரிடம், தொடுவது வேறிடம் என்பது பலருக்கும் அப்போதுதான் புரியும். "விளிம்புல அடிக்குது" என்று அடித்துச் சொன்னவரின் வண்டியில் விளிம்புச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. உள்தகட்டில் முன்பக்கமாக ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தது. பட்டை தொய்ந்த வண்டியில், பாரம் ஏறி அது இன்னும் தட்டையாகும்போது ஆக்சில் நேராக மேலே போகாது. முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்ந்துதான் ஏறும்.

இடம் தெரிந்ததும் டேப்பை எடுங்கள். வண்டி சமதளத்தில், ஆள் இல்லாமல், இரண்டு பக்கமும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புக்கு அளந்து எழுதுங்கள். பழைய வண்டியில் பட்டை தொய்ந்திருக்கும். தொய்ந்த பட்டையோடு அகல டயரும் சேர்ந்தால் உரசாமல் என்ன செய்யும்? டயரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஸ்பிரிங்கைப் பாருங்கள். கட்டைப் பிரித்து, பட்டைக்கு மறுபடி வளைவு ஏற்றிக் கொடுப்பவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகத் தட்டிக் கேளுங்கள். விரிசல் விட்டது மணி மாதிரி ஒலிக்காது, மொட்டையாக ஒலிக்கும். சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான் விரிசல் முதலில் வரும்.

உயரம் வேண்டும் என்று கூடுதலாக ஒரு பட்டை செருகச் சொல்கிறவர்கள் உண்டு. உரசல் நிற்கும், ஆனால் வண்டி லாரி மாதிரி குதிக்கும். குதிக்கும் வண்டியில் அகல டயர் போட்டு என்ன லாபம்? டயர் தரையில் படும் நேரமே குறைந்துவிடுமே.

ஆக்சில் மேலே வந்து முட்டும் ரப்பர் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது உப்பிலும் வெயிலிலும் நொறுங்கி, போல்ட் மட்டும் மிச்சம் நிற்கும். டயர் மட்கார்டைத் தொடுவதற்கு முன்னால் ஆக்சிலை நிறுத்துவதுதான் அதன் வேலை. புதுக் கட்டை போட்டதோடு தீர்ந்த வண்டிகள் உண்டு.

முழு அசைவையும் பட்டறையிலேயே பார்க்கலாம். வண்டியைச் சேஸிஸில் ஸ்டாண்டு வைத்து நிறுத்தி, ஷாக் அப்சார்பரைக் கழற்றி, ஸ்பிரிங் கட்டில் மெயின் பட்டையை மட்டும் விட்டு மாட்டி, ஆக்சிலை ஜாக்கியால் ரப்பர் கட்டையில் முட்டும்வரை தூக்குங்கள். மற்றப் பட்டைகள் இல்லாததால் எளிதாக ஏறும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி மறுபக்கத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டு நிலையிலும் தொடவில்லை என்றால் ரோட்டில் தொட வாய்ப்பு மிகக் குறைவு. இதற்கு அரை நாள் ஆகும். எந்த டயரை வாங்குவது என்ற கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு விளிம்பின் மடிப்பில்தான் தொடுகிறது என்றால் மடிப்பை உள்ளே மேல்நோக்கி மடக்கலாம். வெட்டி எடுக்கக் கூடாது. வெளித்தகடும் உள்தகடும் சேர்த்துப் பற்றவைத்த இடம் அது. ஹீட் கன்னால் பெயிண்டைக் கைபொறுக்கும் சூட்டுக்குமேல் கொஞ்சம் இளக்கி, உருண்டைக் கட்டையை டயருக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்து, வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளி மூன்று நான்கு தடவையில் மடக்க வேண்டும். ஒரே தடவையில் மடக்கினால் மட்கார்டு வெளியே அலை அலையாகப் புடைக்கும், பிறகு டிங்கர் வேலைதான். மடித்த இடுக்கில் அன்றைக்கே பிரைமரும் சீலரும் போயாக வேண்டும். அந்த இடுக்கில் ஈர மணல் தங்கினால் அடுத்த மழைக்குள் விளிம்பு தின்றுபோகும்.

திரும்பும்போது மட்டும் உரசுகிறது

வண்டி பக்கவாட்டில் சாய்கிறது, அல்லது ஆக்சில் பக்கவாட்டில் நகர்கிறது. இரண்டில் எது? ஒருவர் பின் பம்பருக்கு மேலே இரு கையும் வைத்து வண்டியை இடதும் வலதுமாக ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து, பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளைப் பாருங்கள். அதிலுள்ள ரப்பர் புஷ் போயிருந்தால் பட்டையின் கண் ஷேக்கிளுக்குள் தனியாக ஆடுவது தெரியும். புஷ்ஷை மாற்றாமல் வேறு எதையும் தொடாதீர்கள். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டின் நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். பிரித்த யூ போல்ட்டை மறுபடி போடாமல் புதிதாகப் போடுவது நல்லது. போட்டு 100, 200 கிலோமீட்டரில் மறுபடி இறுக்க வேண்டும்.

இதற்கு மேலும் நகர்கிறது என்றால் பன்ஹார்ட் கம்பி போடலாம்: ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை எதிர்ப்பக்கச் சேஸிஸில். எவ்வளவு நீளமாக முடியுமோ அவ்வளவு நீளம், வழக்கமான பாரத்தில் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். குட்டையாகவோ சரிவாகவோ போட்டால் வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பியே ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் பாலத்தில் காற்றே வண்டியைச் சாய்த்துத் தள்ளும். ஆடி மாதத்தில் பாலத்தில் மட்டும் உரசுகிறது என்றால் இந்தத் தலைப்பில்தான் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது

ரிம்மையும் டயரையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். உரசல் சக்கரத்தோடு மறுபக்கம் போனால் ரிம் கோணல். அதே பக்கத்தில் நின்றால் ஆக்சில் நடுவில் இல்லை.

இரண்டு மட்கார்டு விளிம்பிலிருந்தும் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் ஓரத்துக்கு அளந்து பாருங்கள். 3, 4 மி.மீ. வித்தியாசம் பழைய வண்டியில் சகஜம். 10க்கு மேல் போனால் பழைய விபத்தில் மட்கார்டோ சேஸிஸோ தள்ளியிருக்கிறது. பிறகு முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு இரண்டு பக்கமும் அளவெடுங்கள். ஒரு பக்கம் குறைந்தால் முதல் சந்தேகம் சென்டர் போல்ட்தான். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் அந்தப் போல்ட்டின் தலை, ஆக்சிலில் பட்டை உட்காரும் திண்டில் உள்ள குழியில் உட்கார்ந்து, ஆக்சில் முன்பின் நகராமல் பிடிக்கிறது. அது துருவில் இற்று முறிந்தால் யூ போல்ட் மட்டும் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி கோணலாக ஓடும், ஓட்டுகிறவர் ஸ்டீரிங்கைக் குறை சொல்வார்.

உயரம் குறைத்த பிறகு அதிர்வு

அகல டயரோடு வண்டியைத் தாழ்த்தவும் ஆசைப்பட்டு, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைக்கிறார்கள். அதன் பிறகு 60, 70 வேகத்தில் தரையிலிருந்து விர்ரென்று அதிர்வு வந்தால் சக்கரத்தைப் பேலன்ஸ் செய்துகொண்டே இருக்காதீர்கள். ஆக்சிலின் மூக்கு திரும்பி, இன்ஜினின் சுழற்சியை அந்த மூக்குக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைக் கோணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயிருக்கும். பட்டைக்கும் திண்டுக்கும் நடுவே சரிவான ஆப்புத் தகடு வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆக்சில் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, ஹேண்ட் பிரேக் கேபிள் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். நம் ரோட்டுக்குத் தாழ்த்தவே வேண்டாம் என்பது என் கருத்து. அரிச்சல்முனை போகும் ரோட்டில் காற்று கொண்டுவந்து குவித்த மணல் மேட்டில் ஒருமுறை வயிறு தட்டினால் ஒத்துக்கொள்வீர்கள்.

கீச் சத்தம், டயர் தேய்வு

கீச் என்ற சத்தம் உரசல் இல்லை. பட்டைகளுக்கு நடுவே துரு. பிரித்து, தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிச் சேருங்கள்.

டயரின் இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் ஆக்சில் ஹவுசிங் வளைந்திருக்கலாம். இந்த வண்டிகளில் பின்சக்கரத்துக்கு அலைன்மெண்ட் திருகு கிடையாது. அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எதுவும் பலிக்கவில்லை, வெட்டத்தான் வேண்டுமா?

மிச்சம் இரண்டு வழி: உள்தகட்டை வெட்டி உள்ளே தள்ளி அகலப்படுத்துவது, ஸ்பிரிங்கையே சேஸிஸ் பக்கமாக உள்ளே நகர்த்துவது. இரண்டையும் செய்ய முடியும். செய்வதற்கு முன் இதையெல்லாம் யோசியுங்கள்.

இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே 1,000 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 25 உள்ளே தள்ளினால் 950 ஆகும். சாய்வைத் தாங்கும் பலம் அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்தில் ஒரு பங்கு போய்விடும். வளைவில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அகல டயர் போட்டவர் அதற்காகவே வண்டியை அதிகம் சாய விடுகிறார். திண்டைப் புதிதாகப் பற்றவைக்கும்போது சூட்டில் ஹவுசிங் வளையும். பிறகு பேரிங் ஊளையிடும். பெட்ரோல் டாங்க் பின்னால்தான் இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே வைக்காமல் கிரைண்டரோ வெல்டிங்கோ தொடவே கூடாது. பட்டையின் மேல் பற்றவைப்பதும், பட்டை வழியாக எர்த் பிடிப்பதும் கூடாது. அந்த இடத்தில் டெம்பர் போய், பிறகு ஒரு நாள் அங்கேயே முறியும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்பிரிங் மாட்டும் பெட்டிச் சட்டத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அகல டயர் யோசனையை ஒத்திவைத்து அதை முதலில் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். தை கழிந்து ஆரம்பியுங்கள்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சேஸிஸைத் தொடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டியைத்தான் ஏற்கிறது. அந்தப் பதிவில் தினசரி ஓட்டம் கூடாது என்பதால் எல்லோருக்கும் அது வேண்டியிருக்காது. ஆனால் வெட்டிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

கீழக்கரையிலிருந்து ஒருவர் அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், 1968 பியட்டோடு வந்தார். 195 டயர் வேண்டும், உள்ளே வெட்டினாலும் பரவாயில்லை என்றார்.

அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். "காக்கா, வெட்டுறது ஒரு மணி நேர வேலை. வெட்டினதை ஒட்ட யாராலயும் முடியாது. முதல்ல சுண்ணாம்பு அடிச்சுப் பாப்போமா?"

"பாருங்கண்ணே. அத்தா கை பட்ட வண்டி. உங்களுக்குச் சரின்னு பட்டதைச் செய்யுங்க."

பட்டை தொய்ந்திருந்தது, இடப்பக்க ரப்பர் கட்டையே இல்லை, ஷேக்கிள் புஷ் நாலும் பொடி. மூன்றையும் சரிசெய்து, 5 அங்குல ரிம்மில் 175/70 ஆர் 14 மாட்டினோம். களிமண் உள்ளே 14 மி.மீ. காட்டியது, வெளியே 19. மட்கார்டில் கிரைண்டர் படவில்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏர்வாடி வரை போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து அடிப்பக்கத்தைக் கழுவுவதற்கு முன்னால், டார்ச்சை வாங்கி அவரே குனிந்து பார்த்தார். சுண்ணாம்பு அடித்தது அடித்தபடியே இருந்தது.